படகில் தூங்கியவரும் கரையில் தூங்காதவளும்

நெல்லித்தோப்பில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினாறு வருஷமாகத் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். ஆனால் அடிக்கிற எதையும் நான் படிப்பதில்லை. எழுத்தைப் பார்ப்பேன், அர்த்தத்தைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் வேலை ஓடாது.

அந்தப் பழக்கத்தைக் கெடுத்தவர் ஒரு நர்ஸ். பக்கத்துத் தெருவில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி முடித்து, மதியம் இரண்டரை மணிக்கு ஒரு நீள நோட்டோடு கடைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். காலில் இன்னும் ஆஸ்பத்திரிச் செருப்பு. தங்கள் கோயில் பாடற்குழுவுக்குப் பாட்டுத் தாள் அடிக்க வேண்டும் என்றார். கோயில் என்று அவர் சொன்னது மாதா கோயிலை. பாட்டெல்லாம் அவரே எழுதியவை. அவரை முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். இன்றுவரை அப்படித்தான்.

முதல் பாட்டை வழக்கம்போலப் படிக்காமல் அடித்துக்கொண்டே போனேன். நான்காவது வரியில் விரல் நின்றுவிட்டது.

*காய்ச்சல் விட்ட கையோட*
*கஞ்சி ஊத்தி வச்சவளே*
*நீ ஒரு வாய் குடிச்சியான்னு*
*நின்னு கேட்டது யாரு தாயே?*

"இது யாரப் பத்திக்கா?" என்று கேட்டேன்.

ஆண்டவருடைய சீடர் ஒருவரின் மாமியார் காய்ச்சலில் கிடந்தாராம். ஆண்டவர் வந்து கையைத் தொட்டதும் காய்ச்சல் விட்டதாம். உடனே எழுந்து வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறினாராம். அவ்வளவுதான் கதை.

"எல்லாரும் காய்ச்சல் போனதப் பத்திப் பாடுவாங்க," என்றார் அக்கா. "நான் வார்டுல இருக்கறவ. காய்ச்சல் விட்டதும் காலு எப்படி நடுங்கும்னு எனக்குத் தெரியும். அந்த அம்மா குண்டானத் தூக்கிகினு போயி எல்லாருக்கும் ஊத்திச்சே, அதுக்கு யாரு ஊத்தினா?"

கவுண்டரில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே அதைப் பாடியும் காட்டினார். நாற்று நடும்போது பாடுகிற மெட்டு. குரல் பெரிய குரலில்லை, மேலே போகும்போது கொஞ்சம் உடையும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்கும்.

நான் கிறிஸ்தவள் இல்லை. தவளக்குப்பத்தில் இறங்கிக் கிழக்கே கடலைப் பார்த்துப் போனால் வரும் மீனவக் கிராமம் எங்களுடையது. ஆடி மாதம் முழுக்க அம்மன் பாட்டு ஸ்பீக்கரில் கேட்டு வளர்ந்தவள். காற்று திரும்பினால் பக்கத்து ஊர் மாதா கோயில் பாட்டும் வரும். இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டிலுமே முதல் வரியிலேயே எல்லாம் முடிவாகியிருக்கும். சாமி வரும், கஷ்டம் போகும். அக்காவின் பாட்டில் சாமி வந்த பிறகும் ஒரு பொம்பளை கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தி அப்படி இருந்தாள்.

அதற்குப் பிறகு அக்கா வந்தாலே மற்ற வேலையை ஓரம் கட்டிவிடுவேன். மாதத்துக்கு ஒரு பாட்டோ இரண்டு பாட்டோ வரும். சில பாட்டு மூன்று மாதம் ஒரே வரியில் கிடக்கும். ஒரு நாள் கேட்டேன், "சாமிய இப்படிக் கேள்வி கேக்கறீங்களே, பயமா இல்லியா?"

"நம்பாதவங்க யாருகிட்ட போயி கேப்பாங்க?" என்றார் அக்கா. "நம்பறவதான் கேக்க முடியும்."

திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கடல் பாட்டைக் கொண்டுவந்தார். புயலில் படகு தத்தளிக்கிறது, ஆண்டவர் அதில் தலையணை வைத்துத் தூங்குகிறார், கூட இருந்தவர்கள் எழுப்புகிறார்கள், அவர் எழுந்து காற்றை அதட்டுகிறார், கடல் அடங்குகிறது. இந்தக் கதையை நானும் எங்கேயோ கேட்டிருக்கிறேன். அக்கா அதைப் படகிலிருந்து சொல்லவில்லை. கரையில் காத்திருக்கும் ஒருத்தி பாடுவதாக எழுதியிருந்தார்.

*படகுல தூங்கின எங்க சாமி*
*பஞ்சணை தலைக்கு வச்ச சாமி*
*கரையில தூங்காத ஒருத்தியத்தான்*
*கண்ணு முழிச்சதும் கேட்டீரா?*

இதை அடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த அடியைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. அவள் வாசலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள் என்று இருந்தது. நடுநடுவே 'ஏலேலோ' வேறு.

"அக்கா, இது தப்பு," என்றேன்.

"எது?"

"வெளக்கு. சினிமாவுலதான் வெளக்கு வச்சிகினு நிப்பாங்க. எங்க ஊர்ல யாரும் அப்படி நிக்க மாட்டாங்க. ஏலேலோன்னும் யாரும் பாடறதில்ல. எல்லாம் எஞ்சின் படகு, டடடடன்னு சத்தம்தான்."

அவர் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "அப்ப என்னா பண்ணுவாங்க? சொல்லு."

சொன்னேன். எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். காற்று மாறி அடித்தது. மற்ற படகெல்லாம் மதியத்துக்குள் வந்துவிட்டன. அப்பா படகு வரவில்லை. அன்று சாயங்காலம் அம்மா அரிசி அளந்தாள். எனக்கும் தம்பிக்கும் தனக்கும் மட்டும் அளந்தால் போதும். கை நிற்கவில்லை, அப்பா பங்கையும் சேர்த்துத்தான் போட்டாள். மறுநாளும் அதே அளவு. மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். மூன்றாம் நாள் மதியம் அப்பா வந்தார். எஞ்சின் நின்று, தெற்கே கடலூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள். யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தவளக்குப்பம் வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடந்து வந்தார். கடலுக்குப் போன மனுஷர் பஸ்ஸில் திரும்பி வந்தார்.

அக்கா எழுதுவதை நிறுத்தியிருந்தார். "அம்மா என்னா பண்ணாங்க, அவரு வந்ததும்?"

"அழுதாங்க," என்று சொன்னேன். அது பொய். அப்பா வந்தபோது அம்மா வீட்டிலேயே இல்லை. அதை யாரிடமும் சொல்வதில்லை என்று எனக்குள் முடிவு செய்து பல வருஷம் ஆகியிருந்தது.

மூன்று வாரம் கழித்துப் புது அடியோடு வந்தார். விளக்கும் இல்லை, ஏலேலோவும் இல்லை.

*அரிசி அளக்கையில கை நிக்கல*
*அவன் பங்கும் சேர்ந்துதான் ஒலையில வேகுது*

நான் சொன்னதிலிருந்து இரண்டே வரி. அடிக்கும் முன் இரண்டு தரம் படித்தேன்.

அச்சடித்த தாள்களை நானே பாட்டுப் பயிற்சிக்குக் கொண்டுபோனேன். பாடற்குழுத் தலைவர் எழுபது வயதுக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மாதிரிக் குடும்பங்களை இங்கே சொல்தா வீடு என்பார்கள். பாடற்குழுவில் எல்லாரும் அவரை, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, 'முசே' என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அக்கா பாடியதைக் கண்ணை மூடிக் கேட்டவர், முதல் அடி முடிந்ததும் கையைத் தூக்கினார்.

"நோன், நோன். மெட்டு நல்லா இருக்கு. கடைசி வரி வேணாம். ஆண்டவரப் பார்த்து 'கேட்டீரா'ன்னு கேக்கறதா? 'காத்தீரே'ன்னு போடு. பாட்டும் நிக்கும், பக்தியும் நிக்கும்."

"அப்படிப் போட்டா பாட்டே இல்ல முசே," என்றார் அக்கா.

"ஏன் இல்ல? அவரு காத்தாரா இல்லியா?"

"காத்தாரு. காத்த அதட்டினாரு, கடல் அடங்கிடிச்சி. ஆனா கரையில இருக்கறவளுக்கு அது தெரியாதே. படகு வந்து சேர்ற வரைக்கும் அவளுக்குப் புயல்தான். அந்த நேரத்தப் பத்தித்தான் நான் பாடறேன்."

முசே கோபப்படவில்லை. நிதானமாகத்தான் பேசினார். "பூசைக்கு வர்றவன் ஆறுதலுக்கு வர்றான்மா. அவன் தலையில கேள்விய ஏத்தி அனுப்பாத." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்ததான். நீயே மாத்தி அடிச்சி எடுத்தாந்துடும்மா."

உண்மைதான், ஒரு வார்த்தைதான். அரை நிமிஷ வேலை. பதினாறு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ வார்த்தைகளை மாற்றிக் கொடுத்தவள் நான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"எழுதினவங்க சொன்னாத்தான் மாத்துவேன்," என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அக்கா தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். "திருவிழாவுக்கு வேற பாட்டு பாடிக்கலாம் முசே. நான் வந்து கூட நின்னு பாடறேன். இந்தப் பாட்டு இப்படியேதான் இருக்கும்," என்றார். சொன்னபடி அந்த வருஷத் திருவிழாவில் மூன்றாவது வரிசையில் நின்று மற்றவர்கள் எழுதிய பாட்டைப் பாடினார்.

பாட்டுக்கு வந்த நிஜமான தடை எங்கள் வீட்டில் இருந்தது. அக்கா கடையில் முழுப் பாட்டையும் பாடிக் காட்டினதை நான் போனில் பதிந்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் அதைப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அரிசி அளக்கிற வரி வந்ததும் பின்னால் சத்தம். அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"இத யாரு சொன்னது அவங்களுக்கு?"

"நான்தான்மா."

"என் வூட்டு ஒலைய ஊரே எட்டிப் பாக்க வச்சிட்டியேடி," என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அக்காவிடம் சொன்னேன். முசே எதிரே அசையாமல் நின்ற மனுஷி, இதைக் கேட்டதும் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அம்மாகிட்ட கேக்கலியா நீ? நானும் உன்கிட்ட அத கேக்காம விட்டுட்டேனே." நோட்டை மூடினார். "கேக்காம எடுத்தத நான் பாட மாட்டேன். அவங்க வேணாம்னா அந்த ரெண்டு வரிய கிழிச்சிப் போட்டுடலாம். ஆனா நேர்ல போயி கேக்கணும். எங்க இருப்பாங்க?"

அம்மா அறுபத்தைந்து வயதிலும் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அக்காவுக்கு லீவு நாளில், காலை பத்து மணி வாக்கில், கூட்டம் கொஞ்சம் தளர்ந்ததும் போனோம். அம்மா சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மீனைத் திருப்பிப் போட்டாள். அக்கா ஈரத் தரையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினார்.

"அக்கா, உங்க வூட்டு விஷயத்த உங்கள கேக்காம பாட்டுல வச்சிட்டேன். தப்பு. எடுத்துடுன்னு சொல்லுங்க, எடுத்துடறேன்."

அம்மா செதில் எடுத்து முடித்து, மீனைக் கழுவி, வாங்க வந்தவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் பேசினாள். "ஒலைய பத்தி இவ சொன்னா. மார்க்கெட்ட பத்தி சொன்னாளா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லியிருக்க மாட்டா. அவளுக்கு அது வெக்கம்," என்றாள் அம்மா. "அவரு வராத ரெண்டாம் நாளும் மூணாம் நாளும் நான் இங்கதான் இருந்தேன் நர்சம்மா. வேற படகுல மீன் எடுத்தாந்து வித்தேன். புருஷன் கடல்ல காணாம கெடக்கறான், இவ கூவிகினு விக்கறாளேன்னு ஊரே பேசிச்சி. அவரு பஸ்ல வந்து எறங்கனப்ப வூட்ல நான் இல்ல. புள்ளைங்கதான் இருந்திச்சிங்க."

ஏன் போனாய் என்று இருபத்தெட்டு வருஷமாக நான் அம்மாவைக் கேட்டதில்லை. என் அம்மாவைப் பற்றித் தெரு பேசியது எல்லாம் அந்த வயதிலேயே என் காதில் விழுந்திருந்தது. கேட்டால் என்ன பதில் வருமோ என்று கேட்காமலே வளர்ந்துவிட்டேன். அப்பாவும் சர்க்கரை நோயில் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது.

"ஏன்க்கா போனீங்க?" என்று அக்கா கேட்டார். சாதாரணமாக, ஊசி போடுமுன் எந்தக் கை என்று கேட்கிற மாதிரி.

"வூட்ல குந்திகினா நாலு பேரு வந்து சுத்திக் குந்துவாங்க. ஒருத்தி அழுவா. ஒருத்தி அழுதா எல்லாரும் அழுவாங்க. அப்புறம் அவரு செத்துட்டாருன்னு ஆயிடும். அவரு சாவல. அதான் கூடையத் தூக்கிகினு வந்துட்டேன். நான் வியாபாரம் பண்ற வரைக்கும் அவரு உயிரோட இருக்காருன்னு எனக்கு ஒரு இது."

பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பொம்பளை கத்தியை நிறுத்திவிட்டாள். எனக்கு அங்கேயே அம்மா காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை. ஐஸ் பெட்டி ஓரமாக நின்று அழுதேன்.

"இவ என்னாத்துக்கு அழுவறா?" என்று அம்மா அக்காவிடம் கேட்டாள். பிறகு, "அரிசி வரி இருக்கட்டும். ஆனா அத மட்டும் பாடினா நான் வூட்ல சோறு பொங்கிகினு அழுதுகினு இருந்தவன்னு நெனப்பாங்க. இதையும் போடு," என்றாள்.

பத்து நாள் கழித்து மறுபடியும் போனோம். அக்கா கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து, மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே தாழ்ந்த குரலில் பாடிக் காட்டினார். அதில் 'கண்ணீர அடக்கிகிட்டு' என்று ஒரு சொல் இருந்தது.

"கண்ணீரு எங்க வந்திச்சி?" என்றாள் அம்மா. "எனக்கு வரவே இல்ல. வந்தாத்தான அடக்க."

அக்கா அங்கேயே பேனாவால் அந்தச் சொல்லை அடித்து எடுத்துவிட்டார். மிஞ்சியது இதுதான்:

*கூடையத் தூக்கிகிட்டு கடைக்குப் போனா*
*குத்தம் சொல்றவங்க சொல்லட்டுமே*
*குந்தி அழுதாக்கா போனவன்தான்*
*கூவி வித்தாக்கா வருவானே*

இரண்டு தரம் பாடச் சொல்லிக் கேட்டாள் அம்மா. பிறகு, "எங்க பாடப் போற இத?" என்றாள். கோயிலில் நடந்ததைச் சொன்னோம். "அங்க வேணாம்னா நம்ம ஊர்ல பாடு. கேக்க வேண்டியவங்க அங்கதான இருக்காங்க," என்றாள். 

எங்கள் ஊரில் கரையோரம் வலை பின்னுகிற கூடம் ஒன்று இருக்கிறது. கூடத்தைக் கேட்கப் பஞ்சாயத்தாரிடம் அம்மாவே போனாள், நானும் கூடப் போனேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் தயங்கினார். "கிறிஸ்டின் பாட்டுன்னு சொல்றாங்க. நாளைக்கி அத இத சொல்லி ஆளுங்கள மாத்தறாங்கன்னு பேச்சு வரும்."

"யாரையும் கும்பிட சொல்லல," என்றாள் அம்மா. "அந்த சாமியும் ஒரு நாளு படகுல போயிருக்காரு, காத்துல மாட்டியிருக்காரு. அவருகிட்ட அந்தம்மா ஒரு கேள்வி கேக்குது. நம்ம பொம்பளைங்க கேக்க வேண்டிய கேள்விதான். கேட்டுட்டுப் போவட்டும்."

பெரியவர் யோசித்தார். அவருடைய தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாதவர். "நாலு மணிக்கு ஆரம்பிச்சி வெளிச்சம் இருக்கறப்பவே முடிச்சிக்குங்க," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மைக் இல்லாமல், வலைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று பாடினார். நான் பக்கத்தில் நின்று மர ஸ்டூலில் தாளம் போட்டேன். முதலில் பொம்பளைகள் மட்டும் இருந்தார்கள். இரண்டாவது அடியில் ஆண்கள் சிலர் வாசலில் வந்து நின்றார்கள். மார்க்கெட் அடி வந்தபோது பலர் தலை அம்மா பக்கம் திரும்பியது. அன்றைக்குப் பேசினவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் முதல் அடியையே திரும்பப் பாடி, 'கேட்டீரா' என்று முடித்தபோது யாரும் கை தட்டவில்லை.  பிறகு, கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராத ஒரு பொம்பளை பின்னாலிருந்து கேட்டாள்: "கடைசியில கேக்கறியே ஒரு கேள்வி, அதுக்கு சாமி என்னா சொன்னாரு?"

அக்கா அவள் பக்கம் திரும்பினார். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "எனக்கு இன்னும் தெரியலம்மா. அதான் பாடிகினே இருக்கேன்," என்றார்.

அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அப்ப இன்னொரு தரம் பாடு," என்றாள்.

மூன்று தரம் பாடினார்.

முசே மனம் மாறவில்லை. சில மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். மனைவிக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது, வீட்டு வேலையெல்லாம் அவர் தலையில். காய்ச்சல் பாட்டு ஒரு பிரதி வேண்டும், மனைவி கேட்கிறாள் என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பிரெஞ்சில் நன்றி சொல்கிற முறையில், "மெர்சி. கடல் பாட்டு அந்த வரியோட நம்ம கோயில்ல பாடக் கூடாது. அத நான் இப்பவும்தான் சொல்றேன்," என்றார். சரி என்றேன். அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அவரு நம்பறத அவரு சொல்றாரு. நான் நம்பறத நான் பாடறேன். ரெண்டு பேரும் ஒரே கோயிலுக்குத்தான் போறோம்."

இப்போது அக்காவிடம் பதினெட்டுப் பாட்டு சேர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் அடிக்கும் முன் நான் படிக்கிறேன். தப்பென்று பட்டால் சொல்கிறேன். பாதியை ஏற்றுக்கொள்வார், பாதிக்குச் சண்டை போடுவார். போன வாரம் வடக்கே ஒரு கடற்கரை ஊர்க் கோயிலிலிருந்து கூப்பிட்டார்கள். பாட்டு நீளமாக இருக்கிறது, மார்க்கெட் அடியை மட்டும் விட்டுவிட்டுப் பாட முடியுமா என்று கேட்டார்கள். அக்கா வார்டில் இருந்ததால் போனை நான்தான் எடுத்தேன். முழுசாகப் பாடுவதென்றால் வருகிறோம், இல்லையென்றால் வேண்டாம் என்று சொன்னேன். அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லத் தோன்றவே இல்லை. அந்தப் பக்கம் யாரையோ கேட்டார்கள். பிறகு, முழுசாகவே பாடுங்கள் என்றார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அம்மாவும் வருகிறாள்.